கண்டுபிடிப்பது இத்தாலி, கல்லா கட்டுவது வேறு நாடா?

மோல்டிங் மணி எழுதியது:

பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலில் இருக்கிறவன் நான். கல்யாண மண்டப நாற்காலி, டிபன் டப்பா, உரச்சாக்கு, ஆஸ்பத்திரி சிரிஞ்சு என்று நாம் தொடுவதில் பாதி பாலிபுரொப்பிலீன்தான். இது எங்கே பிறந்தது என்று எங்கள் பட்டறைக்கு வருகிற இஞ்சினியர் பையன்களைக் கேட்டால் அமெரிக்கா என்பார்கள், இல்லாவிட்டால் ஜெர்மனி. மிலான் என்று ஒருவரும் சொன்னதில்லை.

1954 மார்ச் 11. மிலான் பாலிடெக்னிக்கில் ஜூலியோ நாட்டாவின் ஆய்வகம். புரொப்பிலீன் அப்போது எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் மலிவான வாயு. அதைச் சங்கிலியாகக் கோர்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும் பிசின்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. காரணம் இதுதான்: சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சின்னக் கிளை உண்டு. அந்தக் கிளைகள் இஷ்டத்துக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தால் சங்கிலிகள் நெருங்கிப் படுக்காது. எல்லாம் ஒரே பக்கமாக இருந்துவிட்டால் நெருங்கி அடுக்கிப் படிகமாகும், 160 டிகிரிக்கு மேல்தான் உருகும், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினாலும் வளையாது. நாட்டாவின் குழுவுக்குக் கிடைத்த கலவையில் அப்படிப்பட்ட பகுதி இருந்தது. அதைப் பிரித்தெடுத்து, எக்ஸ்-கதிர் வைத்து அமைப்பையும் காட்டிவிட்டார்கள்.

இந்தச் சங்கிலியைக் கோர்க்க உதவிய வினையூக்கியின் மூல யோசனை ஜெர்மனியின் கார்ல் சீக்லருடையது, மறைக்க வேண்டியதில்லை. 1952இல் பிராங்க்பர்ட்டில் சீக்லர் பேசியதை நாட்டா போய்க் கேட்டார். கேட்டவர் சும்மா வரவில்லை. மொன்டெகாத்தினி என்ற இத்தாலிய வேதிப்பொருள் கம்பெனியைச் சீக்லரோடு ஒப்பந்தம் போட வைத்தார், இளம் வேதியியலாளர்களை முல்ஹைமில் இருந்த சீக்லரின் ஆய்வகத்துக்கு அனுப்பிக் கற்றுவரச் செய்தார். நாட்டா தன்னிடம் சொல்லாமல் புரொப்பிலீனில் இறங்கிவிட்டார் என்ற வருத்தம் சீக்லருக்கு ரொம்ப நாள் இருந்தது. 1957இல் ஃபெராராவில் ஆலை ஓட ஆரம்பித்துவிட்டது. ஆய்வகத்தில் இருந்து ஆலைக்கு மூன்றே வருஷம்! 1963இல் இருவருக்கும் சேர்த்து நோபல். நாட்டா அப்போது நடுக்குவாத நோயோடு போய்த்தான் பரிசை வாங்கினார்.

என் கேள்வி இனிமேல்தான். இன்று அந்த மொன்டெகாத்தினி எங்கே? ஒலிவெட்டி கம்ப்யூட்டர் எங்கே? மூளை இருக்கிறது, ஆலை இருக்கிறது, கடைசியில் பெயர்ப்பலகை மட்டும் ஏன் மாறிவிடுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டீசல் ராசா எழுதியது:

அண்ணே, எங்கள் லைனில் ஒன்று. ஸ்விஃப்ட், டிசையர் டீசல் டாக்ஸி ஓட்டாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அந்த 1.3 இஞ்சின் ஃபியட்டுடையது. டாட்டா விஸ்டாவிலும் அதேதான். பானெட்டில் வேறு வேறு பேர், உள்ளே ஒரே மல்ட்டிஜெட்.

அதற்குள் இருக்கிற காமன் ரெயில் முறையைக் காரில் ஓட வைத்ததே ஃபியட் ஆராய்ச்சிக்காரர்கள்தான். மாரியோ ரிக்கோ என்ற இஞ்சினியரின் குழு, தெற்கே பாரி பக்கம். பழைய டீசலில் பம்ப் சுற்றும் வேகத்தைப் பொறுத்துத்தான் அழுத்தம் வரும். காமன் ரெயிலில் ஒரே குழாயில் எப்போதும் உயர் அழுத்தத்தில் டீசல் தயாராக நிற்கும், எப்போது எவ்வளவு தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சத்தம் குறைவு, இழுவை அதிகம், புகை கம்மி.

இவ்வளவும் செய்துவிட்டு 1990களின் நடுவில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். 1997இல் அல்ஃபா ரோமியோ 156இல் முதலில் வந்தது ஒரு திருப்திதான். ஆனால் இன்றைக்குக் காமன் ரெயில் என்றால் எந்த மெக்கானிக்கும் சொல்கிற பேர் பாஷ்!

---

கணக்கன் எழுதியது:

ராசா, அதை அசட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். டீசலைத் தெளிக்கிற இஞ்செக்டரை லட்சக்கணக்கில் செய்ய வேண்டும் என்றால் மைக்ரான் அளவில் கடைந்து தேய்க்கிற ஆலை வேண்டும். உலகத்துக் கார் கம்பெனிகள் எல்லாம் வாங்க வேண்டும். ஃபியட்டின் போட்டியாளர் ஃபியட்டிடம் போய் இஞ்செக்டர் வாங்குவாரா? பாகம் செய்கிறவனிடம் விற்றது சரியான கணக்கு. விற்ற விலை குறைவா என்று வேண்டுமானால் சண்டை போடலாம்.

---

மாத்திரைப்பெட்டி எழுதியது:

மணி சார், பிளாஸ்டிக்கோடு நிறுத்திவிட்டீர்களே. மருந்தில் இந்தக் கதை இன்னும் அடர்த்தி.

காசநோய்க்கு மாத்திரை எடுத்த யாரையும் கேட்டுப் பாருங்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைச் சொல்வார்கள். அது ரிஃபாம்பிசின். மிலானில் லெபெத்தித் என்ற மருந்துக் கம்பெனி. 1957இல் பிரான்ஸின் தெற்குக் கரையில் ஒரு பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து, அதில் இருந்த நுண்ணுயிரை வளர்த்தார்கள். பியெரோ சென்சி குழுவுக்குக் கிடைத்த முதல் சரக்கு ஊசியாகப் போட்டால்தான் வேலை செய்தது, உடம்பிலும் நிற்கவில்லை. மூலக்கூறை மாற்றி மாற்றி, 1965 வாக்கில் வாய்வழியே சாப்பிடக்கூடிய ரிஃபாம்பிசினைப் பிடித்தார்கள். 1968இல் மருத்துவத்துக்கு வந்தது.

இதன் அருமை புரிய, முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் மாத்திரை, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. பாதியில் நிறுத்துகிறவர்களே அதிகம். ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் சேர்ந்த பிறகுதான் ஆறு மாதச் சிகிச்சை சாத்தியமானது. அந்தக் குறுகிய காலச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த இடங்களில் நம் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையமும் ஒன்று. 1956இல் தொடங்கிய இடம், வீட்டில் வைத்தே காசநோய்க்கு வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியதும் அங்கேதான். தொழுநோய்க்கான கூட்டு மருந்திலும் ரிஃபாம்பிசின் உண்டு.

இரண்டாவது, அட்ரியாமைசின், அதாவது டாக்ஸோரூபிசின். புற்றுநோய் வார்டில் சிவப்பாகத் தொங்குமே, அது. ஃபார்மிட்டாலியா கம்பெனி, மறுபடி மிலான். இத்தாலியின் தென்கிழக்கில் காஸ்தெல் தெல் மொந்தே என்ற 13ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் இருந்து எடுத்த நுண்ணுயிர். முதலில் கிடைத்த டானோரூபிசின் இதயத்தைப் பாதித்தது. நுண்ணுயிரில் பிறழ்வு உண்டாக்கி, 1969இல் டாக்ஸோரூபிசினை எடுத்தார்கள். அதுவும் இதயத்துக்கு நல்ல பிள்ளை இல்லை, அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனாலும் இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. மிலான் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜான்னி பொனதோன்னா இதைச் சேர்த்து ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு அமைத்த கூட்டு மருந்துதான் ஏபிவிடி. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் மருந்து கொடுத்தால் நோய் திரும்புவது குறையும் என்று 1976இல் காட்டியவரும் அவரே.

மணி சாருக்கு ஒரு உபரித் தகவல்: ஃபார்மிட்டாலியாவை 1935இல் தொடங்கிய இரண்டு கம்பெனிகளில் ஒன்று உங்கள் மொன்டெகாத்தினி.

இனி உங்கள் கேள்விக்கு வந்தால், லெபெத்தித் அமெரிக்க டௌ கெமிக்கல் கைக்குப் போனது. ஃபார்மிட்டாலியா 1993இல் ஸ்வீடன் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து கை மாறிக்கொண்டே இருந்தது. மருந்து மட்டும் நம்மிடம் இருக்கிறது.

---

தென்னவன் எழுதியது:

// லெபெத்தித் அமெரிக்க டௌ கெமிக்கல் கைக்குப் போனது //

இத்தாலியில் அந்தக் காலத்தில் மருந்துக்குக் காப்புரிமையே கிடையாது என்று படித்த ஞாபகம். காப்புரிமை இல்லாத நாட்டில் எவன் ஆராய்ச்சி செய்வான் என்று இங்கே டிவி விவாதத்தில் கத்துவார்களே?

---

மாத்திரைப்பெட்டி எழுதியது:

ஆமாம், கிடையாது. 1978இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்வரை அங்கே மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. நாம் 1970 சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வேண்டாம் என்றோமே, அவர்கள் அதற்கும் முப்பது வருஷம் முன்னாலிருந்தே அப்படித்தான். அதனால் நகலெடுக்கிற சின்னக் கம்பெனிகள் நிறைய இருந்தன. ஆனால் ரிஃபாம்பிசினும் அட்ரியாமைசினும் வந்ததும் அதே காலத்தில்தான், வெளிநாட்டுக் காப்புரிமைகளை நம்பி. ஆகவே "காப்புரிமை இல்லையேல் கண்டுபிடிப்பு இல்லை" என்பது இத்தாலியில் பொய்த்தது. "காப்புரிமை வந்துவிட்டால் கண்டுபிடிப்பு பெருகும்" என்பதும் பொய்த்தது. 1978க்குப் பிறகு அங்கே இந்த உயரத்தில் ஒரு மருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

---

பழைய கணினி எழுதியது:

ஒலிவெட்டிக்கு நான் வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே தூரின் பக்கம் இவ்ரியா என்ற சிற்றூர். 1908இல் கமில்லோ ஒலிவெட்டி தட்டச்சு இயந்திர ஆலை வைக்கிறார். மகன் அத்ரியானோ காலத்தில் அது ஆலை என்பதைத் தாண்டிவிட்டது: தொழிலாளர் குடியிருப்பு, நூலகம், குழந்தைகள் காப்பகம். அந்த ஊரே 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. லெத்தெரா 22 என்ற கையடக்கத் தட்டச்சு இயந்திரத்தைப் பழைய பத்திரிகைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1950களில் அத்ரியானோ மின்னணுவில் இறங்கினார். மாரியோ ச்சூ என்ற இளைஞர், ரோமில் பிறந்த சீனர், தலைமை ஏற்றார். பீசாவுக்கு அருகே ஒரு பழைய வீட்டில் குழு வேலை செய்தது. 1959இல் எலியா 9003 வெளிவந்தது. முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன பெரிய கணினி, வால்வு ஒன்றுகூடக் கிடையாது. அந்த வருஷத்துக்கு அது உலகத் தரம். முதல் கணினி போன இடம் வல்தாஞோவில் இருந்த மர்சொத்தோ கம்பளித் துணி மில். டிரான்சிஸ்டருக்கு வெளியே கையேந்தக் கூடாது என்று 1957இலேயே எஸ்ஜிஎஸ் என்ற குறைக்கடத்திக் கம்பெனியையும் கூட்டாகத் தொடங்கியிருந்தார்கள்.

1960 பிப்ரவரியில் ஓடும் ரயிலில் அத்ரியானோ இறந்தார். 1961 நவம்பரில் கார் விபத்தில் ச்சூ இறந்தார், வயது 37. கம்பெனி கடனில். 1964இல் ஃபியட், பிரெல்லி, வங்கிகள் எல்லாம் சேர்ந்து "காப்பாற்ற" வந்தன. ஃபியட் தலைவர் வல்லேத்தாவுக்கு மின்னணுப் பிரிவு பிடுங்கி எறிய வேண்டிய ஒன்றாகத் தெரிந்தது. அதை ஜெனரல் எலக்ட்ரிக்குக்கு விற்றார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. பியெர் ஜோர்ஜோ பெரோட்டோ என்பவர் இரண்டு மூன்று பேரோடு ஒரு மேசைக் கணினி செய்துகொண்டிருந்தார். அது கணினி என்று கணக்கில் வந்தால் அமெரிக்காக்காரனுக்குப் போய்விடும். கால்குலேட்டர் என்று எழுதி ஒதுக்கிவைத்துக் காப்பாற்றினார்கள். அதுதான் புரோகிராமா 101. சிப் கிடையாது. எஃகுக் கம்பிச் சுருளில் அதிர்வாக ஓடிக்கொண்டே இருக்கும் நினைவகம், நிரலைப் பதித்துவைக்க ஒரு காந்த அட்டை. 1965 அக்டோபரில் நியூயார்க் கண்காட்சியில் வைத்தார்கள். ஒலிவெட்டி மேலிடம் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை, இயந்திரக் கால்குலேட்டர்களுக்குத்தான் முன்னிடம். வந்த கூட்டமோ இதன் முன்னால் நின்றது. விலை 3,200 டாலர், விற்றது 40 ஆயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் அமெரிக்காவில். நாசாவும் வாங்கியது. ஹியூலெட் பேக்கர்ட் தன் 9100 மாதிரியில் இதன் உத்திகளைப் பயன்படுத்தியதற்காக 9 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

இன்னொருவர்: ஃபெதெரிகோ ஃபாஜின். விச்சென்சாக்காரர், 20 வயதுகூட ஆகாமல் ஒலிவெட்டியில் ஒரு சிறு கணினி கட்டியவர். எஸ்ஜிஎஸ் வழியாக அமெரிக்கா போனார். 1971இல் இன்டெல் 4004 என்ற மைக்ரோபிராசசர் அவர் கையால் வந்தது, சிப்பின் ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துவிட்டார். அடுத்து இசட்80 என்ற சிப். நம்மில் பாலிடெக்னிக்கில் மைக்ரோபிராசசர் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

---

உள்ளே வெளியே எழுதியது:

வரிசையாகப் பாருங்கள். 1960 அத்ரியானோ. 1961 ச்சூ. 1962 அக்டோபரில் எனி என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் மத்தேயி விமானம் விழுந்து சாவு. 1964 மார்ச்சில் அணுசக்திக் குழுவின் தலைமைச் செயலர் ஃபெலிசே இப்போலித்தோ கைது. அடுத்த மாதமே ரோம் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் மரோத்தா கைது. அதே வருஷம் ஒலிவெட்டி மின்னணு விற்பனை. நாலே வருஷத்தில் கணினி, எண்ணெய், அணு, மருந்து எல்லாவற்றிலும் தலை வெட்டப்பட்டிருக்கிறது. இதெல்லாம் தற்செயலாம்!

---

கணக்கன் எழுதியது:

மத்தேயி விஷயத்தில் உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. பின்னால் நடந்த விசாரணையில் விமானத்தில் வெடி வைக்கப்பட்டது என்ற முடிவுக்கே அரசு வழக்கறிஞர் வந்தார். மற்றதை எல்லாம் அதோடு சேர்த்து ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். அத்ரியானோ 58 வயதில் பக்கவாதத்தில் போனார். ச்சூ மழையில் கார் மோதிப் போனார். இதற்கு மேல் ஆதாரம் என்று எவரும் வைத்ததில்லை.

ஒலிவெட்டி ஏன் விழுந்தது என்பதற்குக் கணக்குப் புத்தகமே போதும். 1959இல் அமெரிக்காவில் அண்டர்வுட் தட்டச்சுக் கம்பெனியை வாங்கினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஆலை ஓட்டை. பணம் எல்லாம் அதில் இறங்கியது. கணினியை அப்போது விற்பதில்லை, வாடகைக்கு விடுவது. போட்ட முதல் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும். ஐபிஎம்மோடு அந்த விளையாட்டு ஆட அரசின் கை வேண்டும். இத்தாலிய அரசு நீட்டவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். வாங்கிய ஜெனரல் எலக்ட்ரிக் என்ன ஆனது? 1970இல் தன் கணினிப் பிரிவையே ஹனிவெல்லுக்குத் தள்ளிவிட்டு வெளியேறியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே தாங்கவில்லை. வல்லேத்தா சொன்னது குரூரம்தான், ஆனால் "இந்தச் செலவை இத்தாலியில் எவனும் தாங்க மாட்டான்" என்ற கணக்கு தப்பில்லை. பெரோட்டோ மாதிரி சின்னதாக, மேசை மேல் வைக்கிற சாமானாக யோசித்திருந்தால் பிழைத்திருக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டே மேலிடம் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

---

துகள் எழுதியது:

இப்போலித்தோ விஷயம் சதி இல்லை, அதைவிட மோசம். அற்பத்தனம். 1963 ஆகஸ்டில் சாரகாத் என்ற அரசியல்வாதி அணுசக்திக் குழுவின் செலவைத் தாக்கி அறிக்கை விட்டார். அடுத்த வருஷம் நிர்வாக முறைகேடு என்று வழக்கு, 11 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கடைசியில் 1968இல் மன்னிப்புக் கொடுத்து விட்டவர் யார்? குடியரசுத் தலைவராகிவிட்ட அதே சாரகாத்!

அந்தச் சமயம் லத்தீனா, கரிலியானோ, திரீனோ என்று மூன்று அணுமின் நிலையங்கள், மூன்றும் மூன்று வெவ்வேறு தொழில்நுட்பம். அணுமின் உற்பத்தியில் அமெரிக்கா, பிரிட்டனுக்கு அடுத்த இடம். 1987இல் செர்னோபிலுக்குப் பின் மக்கள் வாக்கெடுப்பு, 1990க்குள் எல்லாம் மூடல். இன்று பிரான்ஸிடம் மின்சாரம் வாங்குகிறார்கள்.

ஆனால் இழையில் எல்லாரும் ஒப்பாரி வைப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். இயற்பியல் ஆராய்ச்சி அங்கே சாகவில்லை. ஃபெர்மி போனதுதான் பெரிய அடி. 1934 அக்டோபரில் ரோமில் வேகம் குறைந்த நியூட்ரானின் வீரியத்தைக் கண்டுபிடித்தவர், 1938இல் இனச் சட்டம் வந்ததும், மனைவி யூதர் என்பதால், நோபல் வாங்கப் போன ஸ்டாக்ஹோமில் இருந்து நேராக அமெரிக்கா போய்விட்டார். மணி அண்ணா, உங்கள் நாட்டா மிலானில் பேராசிரியர் ஆன இடமும் அதே வருஷம் அதே சட்டத்தால் காலியானதுதான். முன்பு அதில் இருந்த மாரியோ ஜக்கோமோ லேவி யூதர்.

இவ்வளவு அடிபட்டும் 1951இல் அணு இயற்பியலுக்கென்று ஐஎன்எஃப்என் என்ற நிறுவனத்தை உருவாக்கினார்கள். 1960 மார்ச்சில் புரூனோ தூஷெக் என்ற ஆஸ்திரியர் ரோமுக்கு அருகே ஃப்ராஸ்காத்தி ஆய்வகத்தில் ஒரு யோசனை சொல்கிறார்: எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளையும் ஒரே வளையத்தில் எதிரெதிராக ஓடவிட்டு மோதவிடலாம். ஒரு வருஷம் ஆகவில்லை, 1961 பிப்ரவரியில் அடா என்ற வளையம் துகளைப் பிடித்து வைத்துவிட்டது. ஆள் உயரம்கூட இல்லாத வளையம். ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் பிறகு ஓடிய எலக்ட்ரான் மோதுவிப்பானுக்கு மூதாதை அதுதான்.

கிரான் சாஸ்ஸோ மலைக்குள் நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டும்போதே பக்கவாட்டில் ஆய்வகத்துக்கும் தோண்டிவிட்டார்கள், தலைக்கு மேலே 1,400 மீட்டர் பாறை. சூரியனின் கார்பன்-நைட்ரஜன் அணு இணைவுச் சுழற்சியில் இருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை 2020இல் அங்கே போரெக்சினோ கருவி பிடித்தது. பீசா பக்கம் விர்கோ ஈர்ப்பலைக் கருவி. 2021இல் இயற்பியலாளர் ஜோர்ஜோ பரீசிக்கு நோபல். நாட்டுக்கு ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 1.5 விழுக்காடுகூட இல்லை, ஜெர்மனி 3ஐத் தாண்டுகிறது. இதை வைத்துக்கொண்டு இவ்வளவு!

திரியெஸ்தேயில் 1964இல் அப்துஸ் சலாம் தொடங்கிய பன்னாட்டு மையத்தையும் இதில் சேர்க்க வேண்டும். வளரும் நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்காக இத்தாலி பணம் போட்டு நடத்தும் இடம். நம் கணிதவியலாளர் எம்.எஸ். நரசிம்மன் மும்பையில் ஓய்வு பெற்ற பிறகு அங்கே கணிதப் பிரிவுக்குத் தலைமை வகித்தார்.

---

பலெர்மோ தம்பி எழுதியது:

வணக்கம் அண்ணைமார். நான் பலெர்மோவில் இருக்கிறேன். எங்கட ஆட்கள் கனபேர் இங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மிலான், தூரின் என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். சிசிலியையும் ஒருக்கால் பாருங்கோ. பழைய கணினி அண்ணை சொன்ன எஸ்ஜிஎஸ் செத்துப்போகவில்லை. 1980இல் பஸ்குவாலே பிஸ்தோரியோ என்ற சிசிலிக்காரர் வந்து அதைத் தூக்கி நிறுத்தினார். 1987இல் பிரெஞ்சு தாம்சனோடு சேர்ந்ததுதான் இன்றைய எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ். கத்தானியாவில் பெரிய ஆலை. மின்சாரக் கார்களுக்கான சிலிக்கான் கார்பைடு சிப் அங்கே செய்கிறார்கள், அதை விரிவாக்க 2024இல் 200 கோடி யூரோ அரச உதவிக்கு ஐரோப்பிய ஆணையம் சம்மதம் கொடுத்தது. நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியில் கை அசைவைப் பிடிக்கிற சின்னச் சிப்புகளில் எஸ்டியினதும் உண்டு.

ஆனால் தெற்கில் இது ஒன்றிரண்டு இடத்தில்தான். ஜேலாவில் மத்தேயி காலத்தில் பெரிய பெட்ரோலிய ஆலை வந்தது. சுற்றிவரச் சிறு தொழில் ஒன்றும் முளைக்கவில்லை. ஆலை படுத்தபோது ஊரும் படுத்தது. இங்கே படித்த இத்தாலியப் பெடியன்களே வடக்குக்கும் ஜெர்மனிக்கும்தான் போகிறார்கள், நாங்கள் அவர்களின் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்கிற வேலை எடுக்கிறோம்.

---

ஸ்பின்னிங் சிதம்பரம் எழுதியது:

கோயம்புத்தூர் மில்களில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். படிப்பு அவ்வளவு இல்லை. நீங்கள் எல்லாரும் நோபல், கம்ப்யூட்டர் என்று பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்த இத்தாலி வேறு.

நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் மெஷினில் சாவியோ. போர்தெனோனே ஊர்க்காரர்கள், கோவையிலேயே கம்பெனி வைத்திருக்கிறார்கள். அதில் நூல் அறுந்தால் முன்பு முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சு திருப்பூர் போய்ப் பின்னல் மெஷின் ஊசியில் மாட்டும், ஊசி உடையும், துணியில் ஓட்டை விழும், பார்ட்டி சண்டைக்கு வருவான். அப்புறம் மெஸ்டான் ஏர் ஸ்பிளைசர் வந்தது. அதுவும் இத்தாலி. இரண்டு முனையையும் காற்றடித்து முறுக்குப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, மறுபடி காற்றிலேயே முறுக்கிவிடும். கண்ணுக்கே தெரியாது. நூல் தரத்தில் எங்கள் காலத்தில் வந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதற்கு எவனும் நோபல் கொடுக்கவில்லை.

திருப்பூர் சாயப்பட்டறை வட்டாரத்தில் ஃபெராரோ என்று சொன்னால் கார் இல்லை, காம்பாக்டர். துவைத்தால் பனியன் சுருங்காமல் இருக்க, முன்கூட்டியே துணியை அமுக்கிவிடுகிற மெஷின். வட்டப் பின்னலுக்கு ஒரீசியோ.

இவர்கள் எல்லாம் பெரிய முதலாளி இல்லை. எங்கள் மெஷினுக்கு ஆள் வந்தால் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே படுத்துப் பார்ப்பான். பார்த்துவிட்டுப் போனால் அடுத்த மாடலில் அந்தக் கோளாறு இருக்காது. இதுவும் ஆராய்ச்சிதானே சார்?

---

மோல்டிங் மணி எழுதியது:

சிதம்பரம் ஐயா, நூற்றுக்கு நூறு. எங்கள் தொழிலிலும் சாக்மி என்று ஒரு பெயர். தண்ணீர் பாட்டில் மூடி அச்சடிக்கிற மெஷின், டைல்ஸ் பிரஸ். உலகத்தில் டைல்ஸ் ஆலை எங்கே இருந்தாலும் அவர்கள் மெஷின் இருக்கும். இமோலா ஊரில் 1919இல் ஒன்பது மெக்கானிக்குகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது, இன்றும் கூட்டுறவுதான்!

பக்கத்துப் பொலோன்யாவில் அல்தீனி-வலேரியானி என்று ஒரு தொழிற்பள்ளி. அங்கே படித்தவர்கள் பட்டறை வைத்து, பட்டறையில் வேலை கற்றவர்கள் தனிப் பட்டறை வைத்து, பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் ஒரு பள்ளத்தாக்கே உண்டாகிவிட்டது. தேயிலைப் பை, சிகரெட், மாத்திரை அட்டை எல்லாவற்றுக்கும் அங்கிருந்து மெஷின்.

---

கணக்கன் எழுதியது:

சின்னக் கம்பெனி என்றால் விற்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம் ஐயா. சாவியோவையே சில வருஷம் முன்பு பெல்ஜியத்தின் வான்டவீல் வாங்கிவிட்டது. மறுபக்கமும் உண்டு: பல்லடம், சோமனூர் பக்கம் சுல்சர் தறி என்று ஓடுகிறதே, அந்தச் சுவிஸ் சுல்சரின் தறிப் பிரிவை 2001இல் வாங்கியது பெர்காமோ பக்கத்து இத்தாலிக்காரர்கள். இன்று இட்டேமா என்ற பெயரில் நடத்துகிறார்கள். சில நூறு கோடி அளவு வரை அவர்களால் வாங்க முடிகிறது, கட்டி ஆள முடிகிறது. குடும்பமும் ஊர் வங்கியும் தாங்குகிற அளவு அது. அதற்கு மேலே பங்குச்சந்தையும் அரசும் வர வேண்டிய இடத்தில்தான் எப்போதும் வழுக்கிவிடுகிறது.

---

உள்ளே வெளியே எழுதியது:

சரி, அப்படியானால் மொன்டெகாத்தினி? அது ஒன்றும் குடும்பப் பட்டறை இல்லையே. நோபல் வாங்கிய சரக்கு, சொந்தக் காப்புரிமை, சொந்த ஆலை.

---

மோல்டிங் மணி எழுதியது:

நான் ஆரம்பித்த இழை, நானே சொல்கிறேன். இதற்கு வெளிநாட்டுச் சதி தேவையே இல்லை.

காப்புரிமைச் சண்டை முதலில். நாட்டாவுக்கு முன்பே, 1951இல், பிலிப்ஸ் பெட்ரோலியத்தின் ஹோகன், பேங்க்ஸ் இருவரும் படிக பாலிபுரொப்பிலீனைப் பார்த்துவிட்டார்கள் என்று அமெரிக்காவில் வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1983இல் அந்நாட்டுக் காப்புரிமை பிலிப்ஸுக்கே கிடைத்தது. பெரிய சந்தை அதோடு போச்சு. ஆனால் நாட்டாவின் வழிதான் ஆலைகளில் நின்றது.

அடுத்து 1966இல் மொன்டெகாத்தினி, எதிசோன் என்ற மின்சாரக் கம்பெனியோடு இணைந்து மொன்டெதிசோன் ஆனது. நிர்வாகம் அரசியல்வாதிகளின் ஆட்டக்களம். அந்தக் கூத்துக்கு நடுவிலும் ஃபெராரா ஆய்வகம் தூங்கவில்லை. பழைய வினையூக்கியில் இரண்டு தலைவலி: வினையூக்கிக் கழிவைப் பிளாஸ்டிக்கில் இருந்து கழுவி எடுக்க வேண்டும், பிசுபிசுப்புப் பகுதியையும் தனியே பிரிக்க வேண்டும். வினையூக்கியில் இருக்கிற டைட்டானியத்தை மக்னீசியம் குளோரைடின் மேல் ஏற்றிப் பார்த்தார்கள், வினையூக்கியின் வேகம் பல மடங்கு ஏறியது. ஜப்பானின் மிட்சுயியும் சேர்ந்துகொண்டது. கழுவவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். வினையூக்கித் துகள் உருண்டையாக இருந்தால் வருகிற பிளாஸ்டிக்கும் உருண்டையாகவே வரும் என்பதையும் பிடித்தார்கள். அதுதான் ஸ்பெரிபோல் முறை, 1982இல் பிரிந்திசியில் முதல் ஆலை. இன்றும் உலகில் பரவலாக ஓடும் முறைகளில் ஒன்று. என்னைக் கேட்டால் 1954ஐவிட இதுதான் பெரிய வேலை, ஏனென்றால் சரக்கின் விலை இறங்கியது இதனால்தான்.

1989இல் அரசின் எனியும் மொன்டெதிசோனும் சேர்ந்து எனிமொன்ட் என்ற கூட்டுக் கம்பெனி. ஒரு வருஷத்தில் சண்டை. மொன்டெதிசோனைக் கையில் வைத்திருந்த கார்தீனி தன் பங்கை எனிக்கே பெரிய விலைக்கு விற்றார். அந்த விலைக்குக் கட்சிகளுக்குப் போன லஞ்சம் வெளியே வந்தது. 1993 ஜூலையில் எனியின் முன்னாள் தலைவர் கல்யாரி சிறையில் தற்கொலை, மூன்று நாள் கழித்து கார்தீனி வீட்டில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு சாவு. கடன் மலைபோல. பாலிபுரொப்பிலீன் தொழில் ஷெல்லோடு கூட்டு, பிறகு பாசெல், இப்போது லயொன்டெல்பாசெல். ஃபெராராவில் நாட்டா பெயரில் ஆய்வகம் இன்னும் இருக்கிறது, அங்கே வினையூக்கி வேலையும் நடக்கிறது. சம்பளம் போடுகிறவர்கள்தான் வேறு.

---

டீசல் ராசா எழுதியது:

அடேங்கப்பா, இது நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதே!

---

பலெர்மோ தம்பி எழுதியது:

பழைய கணினி அண்ணை, கோடை விடுமுறையில் தூரின் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற யோசனை இருக்கிறது. இவ்ரியாவில் அந்த 101ஐப் பார்க்க முடியுமா? மகனுக்குக் காட்டலாம்.

---

பழைய கணினி எழுதியது:

முடியும் தம்பி. தெக்னோலோஜிகமெந்தே என்ற அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். தூரினில் இருந்து ரயில் உண்டு. போவதற்கு முன் திறக்கும் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், கோடையில் அங்கே பாதி ஊர் பூட்டிக் கிடக்கும். காந்த அட்டையைச் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடுகிற சத்தத்தை முடிந்தால் பதிவு செய்து இங்கே போடுங்கள்.